தாமதத்துக்கான காரணம்

மார்ச் 4

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கல்யாணத்தின்போது படியேறச் சிரமப்பட்டீர்கள். வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பேத்தி பிறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. போனில் நாலைந்து முறை பேசிவிட்டோம். ஆனால் நான் போனில் பேசுவது பேச்சோடு சேர்த்தி இல்லை என்பாள் என் மனைவி. "என்ன சம்பந்தி, அங்க மழையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். "இருக்கலாம்" என்பேன். அதற்குள் போன் வேறொருவர் கைக்குப் போய்விடும். வானிலை நிலையத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு எதையும் நிச்சயமாகச் சொல்ல வாய் வருவதில்லை. அலுவலகத்தில் எனக்கு மேகமூட்டம் என்று பட்டப்பெயர். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் குழந்தையின் குடியுரிமை. நம் பிள்ளைகள் இருவரும் வேலை பார்க்கும் நாடு, அங்கே பிறந்தாள் என்று ஒரு சான்றிதழைத் தருமே தவிர, குடியுரிமை தராது. ஆகவே தாய் வழியில் எங்கள் நாடு, தகப்பன் வழியில் தங்கள் நாடு, இரண்டில் ஒன்றுதான். இரண்டையும் வைத்துக்கொள்ள எங்கள் சட்டம் விடாது. எங்கள் தூதரகத்தில் பதிவதென்றால் ஒரு வயது நிறைவதற்குள் பதிய வேண்டும். தாண்டினால் தலைமையகத்தின் தனி அனுமதி வேண்டும். அது வரலாம், வராமலும் போகலாம். மாப்பிள்ளையின் வேலை ஒப்பந்தமோ அடுத்த ஏப்ரலில் முடிகிறது. அதற்குள் குழந்தைக்கு ஏதாவது ஒரு நாட்டின் பாஸ்போர்ட் இல்லையென்றால், பெற்றவர்கள் கிளம்பியாக வேண்டும், பிள்ளை கிளம்ப முடியாது.

பெண்ணைப் பெற்றவன் இதில் முந்திக்கொள்வது முறையல்ல. குழந்தை தங்கள் வீட்டுப் பிள்ளை. தங்கள் நாட்டில் தகப்பன் வழியில் கிடைக்கும் என்று படித்த நினைவு. அது பழைய சட்டமாகவும் இருக்கலாம். தங்கள் விருப்பம் எதுவோ அதற்கு நான் கட்டுப்படுகிறேன். மகளிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

குழந்தைக்கு மிளகு என்று வீட்டுப் பெயர் வைத்திருக்கிறாளாம். கண் இரண்டும் அப்படி இருக்கிறதாம்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து, தங்கள் நலம் விரும்பும்
சம்பந்தி


மார்ச் 27

வானிலை சம்பந்திக்கு,

எங்கள் எல்லோருடைய வணக்கமும். முழங்காலைக் கேட்டிருந்தீர்கள். அது அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். உங்கள் வீட்டம்மா சௌக்கியமா?

உங்கள் கடிதத்தைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். கதவுக் கீல் வாங்க வந்த தச்சர், "இவ்வளவு மரியாதையா ஒருத்தர் எழுதுவாரா, அதுவும் உங்களுக்கா?" என்று கேட்டார். அவருக்குக் கொடுக்க இருந்த தள்ளுபடியை நிறுத்திவிட்டேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? என் பேத்தி என் நாட்டுக்காரி. என் மகன்கூட இங்கே பிறந்தவன் இல்லை. நான் வெளிநாட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அங்கேதான் பிறந்தான். நானே எங்கள் தூதரகத்துக்குப் போனேன், பதிந்தேன், மத்தியானச் சாப்பாட்டுக்குக் குடியிருப்புக்கு வந்துவிட்டேன். அப்பன் நாடு பிள்ளை நாடு. அவ்வளவுதான் சட்டம்.

அடுத்த வாரமே அலுவலகம் போகிறேன். உங்கள் பக்கம் எதுவும் செய்ய வேண்டாம். இரண்டு இடத்தில் மனுப் போட்டால் இரண்டு இடத்திலும் சந்தேகப்படுவார்கள். நீங்கள் மழையைப் பாருங்கள், இதை என்னிடம் விடுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து என் வீட்டுக்காரி, "எழுதறதோட நிறுத்திடாதீங்க. போயிட்டு வாங்க" என்கிறாள். உங்களிடம் சொல்லச் சொன்ன நலமெல்லாம் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பிள்ளையைப் பெற்றவன்


மே 9

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் மிளகும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இடுப்பு வலி குறைந்ததா? செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலைக்குத் திரும்பியதும் நின்றுகொண்டே பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்காதே. ஒரு முக்காலி கேட்டு வாங்கிக்கொள். அம்மாவின் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, என்னோடு பேசும் நேரம் தவிர.

உன் மாமனார் மார்ச் கடைசியில் எழுதினார். அடுத்த வாரமே அலுவலகம் போவதாகச் சொல்லியிருந்தார். பிறகு ஒன்றும் வரவில்லை. வேலை நடக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். நடக்கவில்லையென்றால் எழுதியிருப்பார். அல்லது நடந்து முடிந்தால்தான் எழுதுவாரோ என்றும் தோன்றுகிறது.

நம் தூதரகத்தில் பதிந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். அங்கே குழந்தைக்கு வேறு நாட்டுக் குடியுரிமை இல்லை என்று நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அங்கே நமக்காக அலைந்துகொண்டிருக்கும்போது இங்கே அப்படி எழுதிக் கொடுத்தால், அவர் சொல்லை நாம் நம்பவில்லை என்றாகும்.

இதை உன் அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அவங்க பேத்திதான், யாரு இல்லைன்னா? ஆனா பெத்தது உங்க பொண்ணு. அதையாவது ஒத்துக்குவீங்களா, இல்ல அதுக்கும் சம்பந்தி கடிதம் போடணுமா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"முறை இருக்கட்டும். குழந்தைக்கு நாடு இருக்கா?"

நான் மாடிக்குப் போய் மழைமானியைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் மொட்டை மாடியில் ஒன்று வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அதில் தண்ணீர் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மிளகுக்கு என் முத்தம்.

அப்பா


ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இடுப்பு வலி போய்விட்டது. இப்போது மணிக்கட்டு வலி, ஏனென்றால் மிளகு கனக்கிறாள். முக்காலி கிடைத்துவிட்டது. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா உப்பைக் குறைத்தாளா? பொய் சொல்லாமல் எழுதுங்கள்.

போன வாரம் மிளகைத் தூக்கிக்கொண்டு இங்கேயுள்ள குடியேற்ற அலுவலகத்துக்குப் போனோம். அதற்கு முன்னால் படம் எடுக்க வேண்டியிருந்தது. கண் திறந்திருக்க வேண்டுமாம், வாய் மூடியிருக்க வேண்டுமாம், வேறு யாரும் தெரியக் கூடாதாம். உங்கள் மாப்பிள்ளை வெள்ளைத் துணிக்கு அடியில் ஒளிந்துகொண்டு அவள் தலையைப் பிடித்தார். முதல் படத்தில் அவருடைய கட்டைவிரலும் விழுந்துவிட்டது. அதை நான் வைத்துக்கொண்டேன்.

தற்காலிக அட்டை ஒன்று கொடுத்தார்கள். பிறந்த தேதி இருக்கிறது. படம் இருக்கிறது. குடியுரிமை என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. கவுண்டரில் இருந்த பெண், "எந்த நாடுன்னு போடட்டும்?" என்று கேட்டாள். நான், "வந்துக்கிட்டிருக்கு" என்றேன். "குழந்தைதானே வரும், நாடு எங்க வரும்?" என்று சிரித்துக்கொண்டே கோட்டைப் போட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அப்பா.

இவரிடம், "மாமாகிட்ட என்ன ஆச்சுன்னு கேளுங்க" என்றால், "ஆகிட்டிருக்குன்னாரு" என்கிறார்.

"என்ன ஆகிட்டிருக்கு?"

"அதைக் கேக்கல."

"கேட்டா என்ன?"

"எங்கப்பாகிட்ட ஒரு தடவை கேட்டா கேள்வி. ரெண்டு தடவை கேட்டா சண்டை."

ஊரில் எந்த லிஃப்ட் நடுவில் நின்றாலும் இவர் போய்ச் சரிசெய்கிறார். இது நடுவில் நிற்கிறது, தொட மாட்டேன் என்கிறார்.

நீங்கள் மாமாவுக்கு எழுதுங்கள். நேராகக் கேளுங்கள். ஒரே ஒரு கடிதமாவது 'லாம்' போடாமல் எழுதுங்கள்.

மிளகு குப்புற விழுந்துவிட்டாள். மல்லாக்கத் திரும்பத் தெரியாமல் கத்துகிறாள். போய்ப் பார்க்கிறேன்.

உங்கள் மகள்


ஜூலை 18

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். முழங்கால் வலிக்கு மருத்துவரிடம் காட்டினீர்களா? நாங்கள் இருவரும் வழக்கம்போல இருக்கிறோம்.

இந்த வருடம் இங்கே மழை முன்னதாகத் தொடங்கி, பிறகு யோசிக்கிறது. எங்கள் தெருவில் குழாய் மாற்றுகிறார்கள். பள்ளத்தைத் தாண்டப் பலகை போட்டிருக்கிறார்கள். அதில் நடக்க எனக்குப் பயமாக இருப்பதால் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். தங்கள் கடை வியாபாரம் நன்றாக நடக்கும் என்று நினைக்கிறேன். மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். குழந்தை குப்புற விழுகிறாள். மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் என்று கேள்வி. அவர் மிகவும் பொறுமையானவர், தங்கள் வளர்ப்பு.

மார்ச் மாதத்துக் கடிதத்தில் தாங்கள் ஒரு அலுவலகத்துக்குப் போவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். போயிருப்பீர்கள். அங்கிருந்து ஏதேனும் தெரிய வந்திருந்தால், நேரம் கிடைக்கும்போது ஒரு வரி எழுதலாம். அவசரம் இல்லை. அதாவது, பிப்ரவரிக்குள் என்பதைத் தவிர அவசரம் இல்லை.

இதைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

என்றும் மரியாதையுடன்,
சம்பந்தி


செப்டம்பர் 25

வானிலை சம்பந்திக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கே குழாய் மாற்றி முடித்தார்களா? பலகை ஆடினால் அடியில் ஒரு கல்லைச் செருகச் சொல்லுங்கள். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் வர்ணம் கலக்கும் இயந்திரம் ஒன்று வாங்கிப் போட்டேன். ஒரு பொத்தானை அமுக்கினால் எந்த நிறம் வேண்டுமானாலும் தரும் என்றான் விற்றவன். பொத்தானை அமுக்கினால் சாம்பல் நிறம்தான் வருகிறது. தெருவில் பாதி வீடு இப்போது சாம்பல். தச்சர் சொல்கிறார், "உங்களுக்கு ஒரு வானிலைக்காரர் சம்பந்தியானதுல இருந்து கடையே மேகமூட்டமா இருக்கு." உங்கள் பட்டப்பெயரை நான்தான் அவரிடம் சொன்னேன், மன்னிக்கவும்.

பேத்திக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். கதவு இடுக்கில் மாட்டும் ரப்பர் தடுப்பு, ஒரு டஜன். தவழ ஆரம்பித்தால் முதலில் விரலைக் கதவில்தான் வைப்பார்கள். என் மகன் வைத்தான். இன்னும் அவனுக்கு அந்த நகம் கோணல்தான், பார்த்திருப்பீர்கள்.

பேத்தி விஷயம் நடக்கிறது. அரசாங்க அலுவலகம் தெரியாததா?

மழை பெய்தால் எழுதுங்கள்.

சம்பந்தி


ஜனவரி 13

அண்ணாவுக்கு,

சம்பந்தியம்மா என்றில்லாமல் உங்கள் தங்கை மாதிரி நினைத்து எழுதுகிறேன். அண்ணி எப்படி இருக்கிறார்கள்? நானும் இவரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நான் இதை எழுதுவது இவருக்குத் தெரியாது.

நவம்பரில் நீங்கள் போட்ட கடிதத்தை இவர் பிரிக்கவே இல்லை. கடையில் ஆணிப் பெட்டிக்கு மேலேயே கிடந்தது. நான்தான் எடுத்துப் பிரித்தேன். "ஒருவேளை ஏதேனும் சிக்கல் இருந்தாலும் இருக்கலாம், அப்படி இருந்தால் நாங்கள் வேற்று ஆட்கள் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அண்ணா, சொன்னபடி இவர் ஏப்ரல் முதல் வாரமே அலுவலகம் போய்விட்டார். அங்கேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் மகன் வெளிநாட்டில் பிறந்து, இவர் வழியாகக் குடியுரிமை வாங்கியவன். அப்படி வாங்கியவனுடைய பிள்ளையும் வெளிநாட்டில் பிறந்தால் அதற்குக் கிடையாதாம். ஒரு தலைமுறைக்குத்தான் கடத்தலாமாம். மிளகுக்கு எங்கள் நாட்டில் இடம் இல்லை.

அன்று இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கிரேன் ஓட்டப் போனது நான். அதுக்கு பேத்திய தண்டிக்கிறாங்க" என்றார். "அவருக்கு எழுதிடுங்க" என்றேன். "பிள்ளையைப் பெத்தவன், எங்க பேத்தின்னு நெஞ்சைத் தட்டிச் சொன்னவன். இப்ப எங்க வீட்டுல இல்லைங்க, உங்க வீட்டுலயே வச்சுக்கோங்கன்னு எழுதவா?" என்றார். மேல்மனுப் போட்டார். அது கிடைத்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அக்டோபரில் அதையும் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு கடிதம் என்றாலே எழுந்து போய்விடுகிறார்.

நீங்கள் உங்கள் பக்கம் பதிந்துவிடுங்கள். தாமதம் வேண்டாம். இவர் கெட்டவர் இல்லை அண்ணா. வீட்டில் இருக்கிற எல்லாக் கதவுக்கும் ரப்பர் மாட்டி வைத்திருக்கிறார், வராத குழந்தைக்கு.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை


ஜனவரி 24

அன்புள்ள மகளுக்கு,

நலமாக இரு. இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நேற்றுப் போனில் சொன்னதை எழுத்திலும் சொல்கிறேன். உன் மாமனார் நாட்டில் குழந்தைக்குக் குடியுரிமை கிடைக்காது. நம் தூதரகத்தில் நேரம் கேள். இருவரும் போங்கள். கையெழுத்துப் போடுங்கள். பதிந்துவிடுங்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. மாப்பிள்ளை இதைப் பற்றித் தன் அப்பாவிடம் பேச வேண்டாம். அவரே சொல்லட்டும்.

இந்தச் செய்தி என் கைக்கு வந்து ஒரு முழு நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். நாம் பதிந்தால் அங்கே யார் சொன்னது என்று தெரிந்துவிடுமே, ஒருவருக்குச் சங்கடம் வருமே என்று யோசித்தேன். உன் அம்மா என் பையிலிருந்து எடுத்துப் படித்தாள்.

"குழந்தை நாடில்லாம இருந்தாலும் பரவாயில்ல, சம்பந்தி வீட்டுல ஒரு வாய்ச்சண்டை வந்துடக் கூடாது. அப்படித்தானே?"

பிறகுதான் உனக்குப் போன் செய்தேன்.

மிளகு நின்றுவிட்டாள் என்றாய். பிடித்துக்கொண்டா, பிடிக்காமலா?

அப்பா


பிப்ரவரி 19

அப்பாவுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், அம்மா எப்படி இருக்கிறாள்? நாங்கள் இருக்கிறோம். மிளகு பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

நீங்கள் சொன்ன அன்றே தூதரகத்தில் நேரம் கேட்டேன். பிப்ரவரி பதினாறுக்குத்தான் கொடுத்தார்கள். மிளகின் பிறந்தநாள் எட்டாம் தேதி. நான் கெஞ்சிப் பார்த்தேன். "வருஷம் பூரா இருந்ததேம்மா, எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டார் அந்த அதிகாரி. நல்ல மனிதர்தான். நான் என்ன சொல்ல? எங்கள் அப்பா என் மாமனாருக்கு வழிவிட்டார், என் மாமனார் வழியை மறைத்துக்கொண்டு நின்றார் என்றா?

இப்போது தலைமையகத்துக்குப் போக வேண்டும். அதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, தாமதத்துக்கான காரணம், எழுத்தில். இரண்டாவது, தகப்பன் நாட்டில் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று அந்த நாட்டு அலுவலகமே கொடுத்த தாள். அது இல்லாமல் மனுவைத் தொடக்கூட மாட்டார்களாம். புதிதாகக் கேட்டு வாங்க ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். மாமா ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தால் பிழைத்தோம்.

இவருடைய கம்பெனியில் ஒப்பந்தத்தை ஜூன் கடைசி வரை நீட்டித் தந்திருக்கிறார்கள். அதற்கு மேல் முடியாதாம். அதன் பிறகு இவரும் நானும் இங்கே இருக்க முடியாது. மிளகு எங்கேயும் போக முடியாது.

இவர் தன் அப்பாவிடம் கேட்கிறேன் என்று இரண்டு முறை போனை எடுத்தார். இரண்டு முறையும் முழங்கால் வலியை விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும். காரணத்தையும் நீங்களே எழுதுங்கள். காரணம் நீங்கள்தானே.

உங்கள் மகள்


பிப்ரவரி 27

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள், வீட்டம்மா, தங்கள் முழங்கால், மூன்றும் நலமாக இருக்க விரும்புகிறேன். நாங்கள் நலம்.

குழந்தையை எங்கள் நாட்டில் பதிய மனுக் கொடுத்திருக்கிறோம். தங்களைக் கேட்காமல் செய்தது என் பிழை. ஒரு வயது தாண்டிவிட்டதால் தலைமையகம் முடிவு செய்ய வேண்டும். இப்படிப்பட்ட மனு எல்லாவற்றுக்குமே, தகப்பன் நாட்டில் குடியுரிமை இல்லை என்ற தாளைக் கேட்பது அவர்கள் வழக்கமாம். அது இல்லையென்றால் மனு நகராது. ஜூனுக்குள் நகராவிட்டால் குழந்தைக்குப் போக இடமில்லை.

தாங்கள் அலுவலகம் போயிருந்தபோது அவர்கள் தங்களிடம் எழுத்தில் ஏதேனும் தந்திருக்கலாம், தராமலும் இருந்திருக்கலாம். தந்திருந்து, அது எங்கேயாவது வைத்து மறந்துபோயும் இருக்கலாம். தேடிப் பார்த்துக் கிடைத்தால் அனுப்பி வையுங்கள். எப்போது தந்தார்கள், ஏன் தந்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்க மாட்டோம்.

தாமதத்துக்கான காரணத்தை நான் எழுதியிருக்கிறேன். தங்கள் பார்வைக்கு அதை அப்படியே கீழே தருகிறேன்.

"குழந்தையின் தாயைப் பெற்றவனாகிய நான், முதலில் தகப்பன் வீட்டார் பதிய வேண்டும் என்று கருதிக் காத்திருந்தேன். நடுவில் விசாரித்திருக்க வேண்டும். விசாரிப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். பெற்றோர் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சும்மா இருந்தார்கள். அவர்கள் மீதும் குழந்தை மீதும் எந்தத் தவறும் இல்லை."

இது ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளப்படுமா என்று எனக்குத் தெரியவில்லை. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
சம்பந்தி


மார்ச் 11

வானிலை சம்பந்திக்கு,

நலம் விசாரிப்பு கடைசியில். முதலில் தாள். இத்துடன் இரண்டு இருக்கின்றன. ஒன்று போன ஏப்ரலில் கொடுத்தது, ஒன்று மேல்மனுவைத் தள்ளிய அக்டோபர் தாள். எங்கேயும் மறந்துபோகவில்லை. கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தன. தினமும் அவற்றின் மேல்தான் ஆணி எடை போட்டேன்.

என் வீட்டுக்காரி உங்களுக்கு எழுதியது எனக்குத் தெரியும். ஜனவரியில் இழுப்பறையில் வெளிநாட்டுத் தபால்தலை ஒன்று குறைந்தது. இந்த வீட்டில் வெளிநாட்டுக்கு எழுதுகிறவன் நான் ஒருவன்தான், அப்போது நானும் எழுதவில்லை. சரி, இனி சம்பந்தி கிழிகிழி என்று கிழித்து ஒரு கடிதம் போடுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். நீங்களானால் ஒரு மாதம் கழித்து, "தந்திருக்கலாம், தராமலும் இருந்திருக்கலாம்" என்று எழுதுகிறீர்கள். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன். அதைப் படித்துவிட்டுச் சாப்பிட முடியவில்லை.

உங்கள் காரணத்தில் திருத்தம் இருந்தால் சொல்லச் சொன்னீர்கள். இருக்கிறது. பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். மீதியை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

"மேற்படி குழந்தையின் தகப்பனைப் பெற்றவன் நான். எங்கள் நாட்டில் கிடைக்காது என்று ஏப்ரலிலேயே தெரியும். சொல்லவில்லை. பிள்ளை வீட்டார் என்ற கௌரவம். குழந்தையின் தாய்வழித் தாத்தா மிகவும் மரியாதையானவர் என்பதால் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்."

படித்துப் பார்த்த தச்சர், "இதை வச்சு ரெண்டு நாடும் சேர்ந்து உங்களைத்தான் வெளியேத்தும்" என்றார்.

மகனுக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டான். பிறகு, "ஏன்ப்பா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றான். "நீ ஏன்டா ரெண்டாவது தடவை கேக்கல?" என்றேன். இருவரும் போனை வைக்காமல் இருந்தோம்.

உங்கள் வீட்டம்மாவிடம் முகம் காட்ட முடியவில்லை என்று சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதையும் மழுப்பாமல் எழுதுங்கள்.

நீங்கள் நலமா?

சம்பந்தி


ஜூன் 17

அன்புள்ள சம்பந்திக்கு,

நீங்களும் வீட்டம்மாவும் சுகமாக இருப்பீர்கள். இங்கே என் வீட்டுக்காரியும் சுகம்.

குழந்தைக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது என்று நேற்றுப் போனில் சொன்னீர்கள். 'வந்துவிட்டது' என்றுதான் சொன்னீர்களா, 'வந்திருக்கலாம்' என்றா என்று என் வீட்டுக்காரி இரண்டு முறை கேட்டாள். வந்துவிட்டது என்றே சொன்னார் என்று சத்தியம் செய்தேன். பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது உங்கள் தூதரக அதிகாரி மருமகளிடம், "இந்த ரெண்டு தாத்தாவையும் நான் ஒரு தடவை பாக்கணும்மா" என்றாராம். சாட்சிக்கா, தண்டனைக்கா என்று தெரியவில்லை.

இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்து பிள்ளைகள் கிளம்புகிறார்கள். முதலில் உங்கள் வீடு, பிறகு எங்கள் வீடு என்று மருமகள் சொன்னாள். அதுதான் சரி. ஆனால் மிளகு இப்போது உங்கள் நாட்டுக்காரி. எங்கள் நாட்டுக்குள் வர அவளுக்கு விசா வேண்டும். இங்கேயிருந்து ஒருவர் அழைக்க வேண்டும். அதனால் இன்று காலை அதே அலுவலகத்துக்குப் போனேன். அதே வராந்தா, அதே பெஞ்சு, அதே ஆள். என்னைப் பார்த்ததும், "ஐயா, மேல்மனு முடிஞ்சு போச்சே" என்றார்.

"இது அது இல்லப்பா. விருந்தாளி ஒருத்தர் வராங்க."

"வெளிநாட்டவரா?"

"ஆமா."

"என்ன வயசு?"

"ஒண்ணேகால்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு விண்ணப்பத்தை எடுத்து, அழைப்பவர் என்ற இடத்தில் மட்டும் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார். "எத்தனை நாள் தங்குவாங்க?" என்றார். "நீங்க எத்தனை நாள் தருவீங்க?" என்றேன். "முப்பது நாள்." "அதுல ஒரு நாள்கூட விடமாட்டேன்" என்றேன். எழுதிக்கொண்டார்.

விசா இரண்டு வாரத்தில் வருமாம். வராவிட்டாலும், வராது என்று அன்றைக்கே உங்களுக்கு எழுதுவேன்.

இதை அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தபால்தலை கையோடு கொண்டுவந்தேன். வாசலில் பெட்டி இருக்கிறது, போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். போன தடவை நேராக வீட்டுக்குப் போனதுதான் தப்பு.

ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் முழங்காலைக் கேட்டீர்கள். வலிக்கிறது. ரொம்ப நாளாகவே வலிக்கிறது.

சம்பந்தி